அப்பாவிடம் போக மறுக்கும் மூன்று வயது மகள்: பிணைப்பு அறுந்துவிட்டதா?

சகோதரி, உங்கள் கேள்வியை இரண்டு மூன்று தடவை படித்தேன். தங்கச்சிமடத்தில் இருக்கிறீர்கள். விசைப்படகில் போன உங்கள் கணவரை இலங்கைக் கடற்படை பிடித்து, மூன்று மாதம் அங்கே சிறையில் இருந்துவிட்டு இப்போதுதான் வீடு வந்திருக்கிறார். மூன்று வயது மகள் அவரிடம் போவதில்லை. கை நீட்டினால் அப்பத்தாவின் சேலைக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறாள். அங்கன்வாடிக்கு ஆய்வுக்காக வந்த ஒரு மாணவி இதைக் கேட்டுவிட்டு, 'தவிர்க்கும் பிணைப்பு மாதிரி தெரிகிறது' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பிறகு நீங்களே தேடிப் பார்த்ததில், மூன்று வயதுக்குள் பிணைப்பு அறுந்தால் ஆயுளுக்கும் ஒட்டாது என்று எங்கோ படித்திருக்கிறீர்கள். இந்தச் சோதனைகளை எப்படிச் செய்கிறார்கள், எவ்வளவு நம்பலாம் என்பது நீங்கள் எழுதிய கேள்வி. ஆனால் அதற்குள்ளே இருப்பது வேறு என்று எனக்குப் படுகிறது. 'எங்கள் பிள்ளையின் மனசு கெட்டுப்போய்விட்டதா, அது எங்களால்தானா' என்றுதான் கேட்கிறீர்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மீதியைக் கொஞ்சம் நிதானமாகப் படிப்பீர்கள்.

நான் குழந்தைகளின் சமூக, உணர்வு வளர்ச்சியை ஆராய்கிறவள். மண்டபம், பாம்பன் பக்கத்து அங்கன்வாடிகளிலும் மீனவர் வீட்டுத் திண்ணைகளிலும் பல வருடம் உட்கார்ந்து குறிப்பு எடுத்திருக்கிறேன். உங்கள் மகளை நான் நேரில் பார்த்ததில்லை. அதனால் அவளைப் பற்றி நான் சொல்வது ஊகம்தான். அவளைப் போன்ற பிள்ளைகளைப் பற்றிச் சொல்வதை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும்.

பிரிந்திருந்தவர் திரும்பி வரும்போது குழந்தை முகத்தைத் திருப்பிக்கொள்வது, இந்தத் துறையில் மிகப் பழைய, மிக உறுதியான கண்டுபிடிப்புகளில் ஒன்று. 1940களின் கடைசியில் லண்டன் மருத்துவமனைகளில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் சின்னக் குழந்தைகளின் வார்டுகளில் போய் உட்கார்ந்து கவனித்தார். அந்தக் காலத்தில் அங்கே பெற்றோரைப் பிள்ளைகளுடன் இருக்க விடமாட்டார்கள், பார்வை நேரமும் மிகக் குறைவு. குழந்தைகள் முதலில் அழுது புரண்டார்கள். அப்புறம் ஓய்ந்துபோனார்கள். பிறகு 'நல்ல பிள்ளை' ஆகிவிட்டார்கள். நர்சுகளுக்கு அது நிம்மதியாக இருந்தது. ஆனால் அம்மா வந்து நின்றபோது, யாரோ எவரோ என்பதுபோல அந்தப் பிள்ளைகள் திரும்பிக்கொண்டார்கள். 1952இல், குடலிறக்க அறுவைச் சிகிச்சைக்காக எட்டு நாள் மருத்துவமனையில் இருந்த இரண்டரை வயதுச் சிறுமி ஒருத்தியை அவர் படமெடுத்துக் காட்டினார். மருத்துவர்கள் பலர் கோபப்பட்டார்கள், ஆனால் பார்த்ததை மறக்க முடியவில்லை. 1959இல் பிரிட்டிஷ் அரசின் குழு ஒன்று, பெற்றோர் எந்நேரமும் வந்து பார்க்க அனுமதிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது.

எட்டு நாளுக்கே அப்படியென்றால் மூன்று மாதத்துக்கு? மூன்று வயதுப் பிள்ளைக்கு மூன்று மாதம் என்பது அவள் இதுவரை வாழ்ந்ததில் பன்னிரண்டில் ஒரு பங்கு. முப்பத்தைந்து வயது ஆளுக்கு அது ஏறக்குறைய மூன்று வருடத்துக்குச் சமம். அப்பாவை மறந்துவிட்டாள் என்று நினைக்காதீர்கள். மறந்திருந்தால் புது ஆளைப் பார்ப்பதுபோல எட்டிப் பார்த்திருப்பாள், மிட்டாய் கொடுத்தால் வாங்கியிருப்பாள். அவரிடம் மட்டும் வீம்பாகத் திரும்பிக்கொள்கிறாள் என்றால், அவர் அவளுக்கு முக்கியமானவர், அவர் இல்லாதது அவளுக்கு வலித்தது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

இப்போது அந்தச் சோதனைக்கு வருகிறேன். மேரி எய்ன்ஸ்வொர்த் என்ற ஆய்வாளர் 1954, 55இல் உகாண்டாவில், கம்பாலாவுக்கு அருகே உள்ள கிராமங்களில் 26 குடும்பங்களின் வீடுகளுக்கே போய்க் குழந்தைகளைக் கவனித்தார். பிறகு அமெரிக்காவின் பால்டிமோரில் அதே வேலையைத் தொடர்ந்தபோது ஒரு சோதனையை உருவாக்கினார். ஏறக்குறைய இருபது நிமிடம். புது அறை, பொம்மைகள். அம்மா இருப்பார், பழக்கமில்லாத ஒரு பெண் வருவார், அம்மா வெளியே போவார், திரும்பி வருவார். அழுகிறதா என்பதைவிட, அம்மா திரும்பி வந்ததும் குழந்தை என்ன செய்கிறது என்பதைத்தான் முக்கியமாகப் பார்ப்பார்கள். ஓடி வந்து ஒட்டிக்கொண்டு, அமைதியாகி, மறுபடி விளையாடப் போனால் 'பாதுகாப்பான பிணைப்பு'. கண்டுகொள்ளாமல் பொம்மையைப் பார்த்தபடி இருந்தால் 'தவிர்க்கும் பிணைப்பு'. ஒட்டிக்கொண்டே உதைத்து அழுதால் அதற்கு இன்னொரு பெயர். அந்த மாணவி சொன்ன சொல் இங்கிருந்து வந்ததுதான்.

இந்தச் சோதனை ஒரு வயதிலிருந்து ஒன்றரை வயது வரையிலான குழந்தைகளுக்காக உருவாக்கியது. மூன்று நிமிடப் பிரிவுக்குக் குழந்தை என்ன செய்கிறது என்று அளக்க உருவாக்கியது. பயிற்சி பெற்றவர்கள் காணொளியைத் திரும்பத் திரும்பப் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். மூன்று வயதுப் பிள்ளையை, மூன்று மாதம் சிறையில் இருந்துவிட்டு வந்த அப்பாவிடம் போகாததை மட்டும் கேட்டுவிட்டு, அந்தப் பெயரால் அழைக்க அதில் இடமே இல்லை. அந்த மாணவி கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். படிக்கிற காலத்தில் கற்றுக்கொண்ட சொல்லை எல்லா இடத்திலும் பார்ப்பது இயல்பு. ஆனாலும் ஒரு தாயிடம் அப்படிச் சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இன்னொரு விஷயமும் உண்டு. 1988இல் இந்தச் சோதனையை வைத்துச் செய்த ஆய்வுகளை இரண்டு நெதர்லாந்து ஆய்வாளர்கள் ஒன்றாகத் தொகுத்தார்கள். எட்டு நாடுகள், ஏறக்குறைய இரண்டாயிரம் குழந்தைகள். அதில் சுமார் 65 சதவீதம் பாதுகாப்பான பிணைப்பு, 21 சதவீதம் தவிர்க்கும் வகை. நாட்டுக்கு நாடு இருந்த வித்தியாசத்தைவிட ஒரே நாட்டுக்குள் இருந்த வித்தியாசம் பெரிதாக இருந்தது. அந்த எட்டு நாடுகளில் இந்தியா இல்லை. அப்பத்தா ஒரு கையிலும் சித்தி ஒரு கையிலும் வளர்க்கிற பிள்ளையைப் பற்றி, அம்மா கடலில் பாசி எடுக்கப் போயிருக்கும்போது பக்கத்து வீட்டில் சோறு வாங்கிச் சாப்பிடுகிற பிள்ளையைப் பற்றி, அந்த எண்கள் என்ன சொல்லும் என்பதை நாங்கள் எச்சரிக்கையோடுதான் பேச வேண்டும். உகாண்டாவிலேயே, குழந்தைகள் அம்மாவிடம் மட்டுமில்லாமல் வீட்டில் இருந்த வேறு சிலரிடமும் பற்று வைத்ததை எய்ன்ஸ்வொர்த் குறித்திருக்கிறார். பிறகு வந்தவர்கள் சோதனையைப் பிடித்துக்கொண்ட அளவுக்கு அந்தப் பக்கங்களைப் பிடித்துக்கொள்ளவில்லை என்பது என் வருத்தம்.

'மூன்று வயதுக்குள் அறுந்தால் ஒட்டாது' என்ற பேச்சின் வேர், பிணைப்புக் கோட்பாட்டைத் தொடங்கிவைத்த பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பௌல்பியின் ஆரம்பகால எழுத்தில் இருக்கிறது. போருக்குப் பிறகு வீடிழந்த குழந்தைகளைப் பற்றி 1951இல் உலக சுகாதார நிறுவனத்துக்கு அவர் கொடுத்த அறிக்கை, தாயைப் பிரிவதன் கேட்டை மிகக் கடுமையாகச் சொன்னது. 1972இல் மைக்கேல் ரட்டர் என்ற குழந்தை மனநல மருத்துவர் அதைப் பிரித்துப் பிரித்து ஆராய்ந்தார். பிரிவு மட்டுமே கெடுப்பதில்லை, ஏன் பிரிந்தார்கள், அந்த நேரத்தில் யார் பார்த்துக்கொண்டார்கள், வீட்டில் சண்டை இருந்ததா என்பதெல்லாம் சேர்ந்துதான் விளைவைத் தீர்மானிக்கிறது என்று காட்டினார். அப்படியானால் கால எல்லை என்பதே பொய்யா? அதுவும் இல்லை. ருமேனியாவில் அனாதை இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளைப் புக்காரெஸ்ட்டில் பல வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. இரண்டு வயதுக்கு முன்பே ஒரு குடும்பத்துக்குப் போன பிள்ளைகள், பிந்திப் போனவர்களைவிடப் பிணைப்பில் நன்றாகத் தேறினார்கள். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு 'இவர் என் ஆள்' என்று சொல்ல ஒருத்தர்கூட இல்லை. ஷிப்ட் மாறி மாறி வரும் ஊழியர்களும் வரிசையாகத் தொட்டில்களும்தான். உங்கள் மகளுக்கு அந்த மூன்று மாதமும் நீங்கள் இருந்தீர்கள், அப்பத்தா இருந்தார். இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

என் குறிப்பேட்டிலிருந்து ஒரு வீட்டைச் சொல்கிறேன். பாம்பன் பக்கத்தில் ஒரு கிராமம், நாலு வயதுப் பையன், உங்கள் வீட்டு நிலைமைதான். அப்பா வந்த முதல் நாள் அவனை வாரி எடுத்திருக்கிறார். அவன் உடம்பு விறைத்து அலறியிருக்கிறான். நான் போனது அதற்கு மறுநாள். அப்பா வாசலில் ஓலைப் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்து வலையில் கிழிசல் தைத்துக்கொண்டிருந்தார். பையன் நாலடி தள்ளி, அவருக்கு முதுகைக் காட்டியபடி, ஒரு சிரட்டையில் சிப்பிகளைப் போடுவதும் கொட்டுவதுமாக இருந்தான். பார்க்கிறவர்களுக்கு அவன் அப்பாவைக் கண்டுகொள்ளவில்லை என்றுதான் தோன்றும். நான் கடிகாரத்தை வைத்து எண்ணிக்கொண்டிருந்தேன். சிப்பியைக் கொட்டும் ஒவ்வொரு தடவையும் தோளுக்கு மேலாக ஒரு ஓரப் பார்வை. அரை மணி நேரத்தில் பத்தொன்பது தடவை. அப்பா எழுந்து தண்ணீர் குடிக்கப் போனபோது சிரட்டை அப்படியே நின்றது. அவர் திரும்பி வந்து உட்கார்ந்த பிறகுதான் சிப்பி மறுபடி விழுந்தது. அவரிடம் நான் சொன்னது ஒன்றுதான்: கூப்பிடாதீர்கள், எழுந்து போகாதீர்கள், இதே இடத்தில் இதே நேரத்தில் தினமும் உட்காருங்கள். மூன்றாம் நாள் பையன் வலையில் கோக்கும் மிதவை ஒன்றை எடுத்து வந்து அவர் காலடியில் வைத்துவிட்டு ஓடினான். அவர் ஒன்றும் பேசாமல் அதை எடுத்துக் கோத்தார். ஐந்தாம் நாள் அதே மாதிரி ஒரு மிதவையால் அவர் முதுகில் ஓங்கி அடித்தான். அவனுடைய அம்மா அடிக்கக் கை ஓங்கினார். அப்பா தடுத்துவிட்டு, 'அப்பா மேல கோவமாடா' என்று மட்டும் கேட்டார். பையன் அழுதான், ரொம்ப நேரம் அழுதான். எட்டாம் நாள் நான் போனபோது அவர் மடியில் உட்கார்ந்து வலை ஊசியைப் பிடித்திருந்தான். எல்லா வீட்டிலும் எட்டு நாளில் நடக்கும் என்று சொல்லமாட்டேன். இரண்டு மாதம் ஆன வீடும் உண்டு. ஆனால் தள்ளி நிற்பது, நோட்டம் பார்ப்பது, ஏதாவது பொருளைக் கொண்டுவந்து வைப்பது, கோபப்படுவது, அழுவது, மடிக்கு வருவது என்ற இந்தப் போக்கை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். கோபம் வந்தால் பின்னடைவு என்று பயப்படாதீர்கள், அது பாதி வழி வந்ததற்கு அடையாளம்.

உங்கள் கேள்வியில் ஒரு வரி என்னை நிறுத்தியது. 'அவர் உள்ளே வந்தாலே எனக்கு நெஞ்சு படபடக்குது, இவ அழுதுடுவாளோன்னு' என்று எழுதியிருந்தீர்கள். கணவர் உள்ளே வரும்போது மகள் முதலில் யாரைப் பார்க்கிறாள் என்று நாளைக்குக் கவனியுங்கள். பெரும்பாலும் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பாள். 1985இல் வெளியான ஒரு பரிசோதனை இதை அழகாகக் காட்டியது. ஒரு வயதுக் குழந்தைகளைக் கண்ணாடி மேசை மேல் விட்டார்கள். மேசையின் பாதியைத் தாண்டியதும், கண்ணாடிக்குக் கீழே ஓர் அடி ஆழம் பள்ளம் மாதிரி தெரியும். இறங்கலாமா வேண்டாமா என்று குழந்தைக்கே சந்தேகம் வருகிற ஆழம். எதிர்ப்பக்கம் அம்மா நிற்பார். அம்மா சிரித்த முகத்தோடு நின்றபோது 19 குழந்தைகளில் 14 பேர் தவழ்ந்து தாண்டிப் போனார்கள். பயந்த முகத்தோடு நின்றபோது 17 பேரில் ஒருவர்கூடத் தாண்டவில்லை. அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை, வெறும் முகம்தான். உங்கள் வீட்டு வாசற்படி இப்போது அந்தக் கண்ணாடி மேசை மாதிரி. மகள் சந்தேகத்தோடு நிற்கிறாள், உங்கள் முகத்தில் பதற்றத்தைப் பார்க்கிறாள், இது பயப்பட வேண்டிய விஷயம் போலிருக்கிறது என்று முடிவு செய்கிறாள். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, சகோதரி. மூன்று மாதம் மீன்துறை அலுவலகத்துக்கும் கலெக்டர் அலுவலகத்துக்கும் அலைந்து, வட்டிக்கு வாங்கி, ராத்திரியில் போன் அடித்தாலே எழுந்து உட்கார்ந்த முகம் அது. வலுக்கட்டாயமாகச் சிரிக்கவும் வேண்டாம், பிள்ளைகள் அதையும் கண்டுபிடித்துவிடுவார்கள். அவர் வந்ததும் நீங்கள் அவரிடம் சாதாரணமாக ஏதாவது பேசுங்கள். 'என்ன மீன் வாங்கட்டும்' என்று கேட்டாலே போதும். நீங்கள் அவரோடு இயல்பாக இருப்பதை அவள் பார்க்க வேண்டும்.

முகத்தைப் பற்றிப் பேசும்போது எட்வர்ட் ட்ரோனிக் என்ற ஆய்வாளரின் வேலையையும் சொல்ல வேண்டும். 1970களில் அவர், அம்மாக்களை இரண்டு மூன்று நிமிடம் முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் குழந்தை முன்னால் உட்காரச் சொன்னார். சில மாதமே ஆன குழந்தைகள்கூடக் கலங்கிப்போய், அம்மாவை மறுபடி இழுக்க என்னென்னவோ செய்தன. இதைப் படித்துவிட்டு 'ஐயோ, நான் அந்த மூன்று மாதம் அப்படித்தானே இருந்தேன்' என்று தாய்மார்கள் உடைந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். அவர் கண்ட மறுபாதியை யாரும் சொல்வதில்லை. சாதாரண, நல்ல நிலையில் உள்ள அம்மாவும் குழந்தையும்கூட ஒருவருக்கொருவர் இசைந்து இருப்பது மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மீதி நேரமெல்லாம் தவறுவதும் சரிசெய்வதும்தான். குழந்தை கற்றுக்கொள்வது அந்தச் சரிசெய்தலிலிருந்துதான் என்பது அவர் முடிவு, என் அனுபவமும் அதுதான்.

அப்பத்தாவிடமே ஒட்டிக்கொண்டிருப்பதை நினைத்து உங்கள் கணவர் சங்கடப்படுவதாக எழுதியிருந்தீர்கள். அப்பத்தாவிடமிருந்து அவளைப் பிரித்து இவரிடம் பழக்கலாமா என்றால், கூடவே கூடாது. ஹவாயில் காவாய் என்ற தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். வறுமை, வீட்டுச் சண்டை, பெற்றோரின் நோய் என்று பல சுமைகளோடு வளர்ந்த பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடியாக, மற்றவர்மேல் அக்கறை உள்ள பெரியவர்களாக வளர்ந்தார்கள். அவர்களிடம் பொதுவாக இருந்தவற்றில் ஒன்று, சின்ன வயதில் குறைந்தது ஒருவரோடாவது உறுதியான பிணைப்பு. பாட்டி தாத்தாவாகவும் அது இருந்தது. மீதி மூன்றில் இரண்டு பங்கினர் சிரமப்பட்டார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனால் உங்கள் மகளுக்கு அந்த ஒருவர் ஏற்கனவே இருக்கிறார். அப்பத்தா மடியில் உட்கார்ந்தபடியே அவள் அப்பாவிடம் பழகட்டும். அப்பத்தாவும் மகனும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால், சேலைக்குப் பின்னால் நிற்கிற பிள்ளைக்கும் அவருக்கும் ஒரு முழ தூரம்தான்.

அப்பத்தா, 'புள்ள பயந்திருக்கு, மந்திரிக்கணும்' என்கிறாராம். வேர்க்காடு கோயிலுக்கோ ஏர்வாடிக்கோ கூட்டிப் போய் வருவதில் நான் தடை சொல்வதில்லை. அப்பத்தாவின் கை தலையில் இருக்கிற நேரம் பிள்ளைக்கு நல்ல நேரம்தான். சூடு, கயிறு, பயமுறுத்தல் என்று எதுவும் இருந்தால் மட்டும் விலகி வந்துவிடுங்கள்.

'அப்பாவை மறந்துட்டியா', 'அப்பா பாவம்ல', 'போகலன்னா அப்பா மறுபடி போயிடுவாரு' ஆகிய மூன்றையும் வீட்டில் யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சொந்தக்காரர்கள் வந்தால் இதைத்தான் முதலில் சொல்வார்கள், முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மூன்றாவது ரொம்ப மோசம். அவர் போனது தன்னால்தான் என்று அந்த வயதுப் பிள்ளை நம்பிவிடும். அவள் 'நேவி வருது, பிடிக்குது' என்று விளையாடினால் நிறுத்தாதீர்கள். பயந்ததைத் திரும்பத் திரும்ப விளையாடிப் பார்ப்பது இந்த வயதில் இயல்பு. கூட உட்கார்ந்து, 'போட்டுக்கு அப்புறம் என்ன ஆச்சு' என்று கேளுங்கள். படகு வீட்டுக்கு வந்து சேர்கிற முடிவை அவளே கொண்டுவருவாள், கொஞ்ச நாள் ஆகும்.

காத்திருக்கக் கூடாத நிலைமையும் உண்டு. பேசிக்கொண்டிருந்தவள் பேச்சை நிறுத்திவிட்டால், சரியாகச் சாப்பிடாமல் எடை இறங்கினால், தினமும் ராத்திரி அலறி எழுந்தால், உங்களிடமோ அப்பத்தாவிடமோகூட ஆறுதலுக்கு வராமல் போனால், அல்லது இரண்டு மாதம் கழித்தும் ஓரப் பார்வைகூட இல்லை என்றால், ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போய்க் குழந்தை மருத்துவரையும் மனநல மருத்துவரையும் பார்த்துவிடுங்கள். அதற்கு முன் யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் 14416 என்ற டெலி மனஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. அது உங்கள் கணவருக்கும் சேர்த்துத்தான். சிறையிலிருந்து வந்த ஆண்கள் தூக்கம் வரவில்லை என்பதைக்கூட வீட்டில் சொல்லமாட்டார்கள். அவர் ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குகிறார் என்று பாருங்கள்.

கடைசியாக, அவர் மறுபடி கடலுக்குப் போகிற நாள். மீன்துறையின் அனுமதி டோக்கன் கிடைத்ததும் போகத்தான் செய்வார், போகாமல் எப்படி? பிள்ளை தூங்கும்போது சத்தமில்லாமல் போய்விடுவதுதான் நம் பக்கத்து வழக்கம், அழக்கூடாதே என்று. அதை இந்தத் தடவை மாற்றுங்கள். அவளுக்குத் தெரியாமல் போனவர்தான் மூன்று மாதம் வரவில்லை, அது அவள் மனதில் இருக்கிறது. தூங்கப் போகும் முன் அவரே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லட்டும்: 'அப்பா போட்டுக்குப் போறேன். நீ அப்பத்தாகூடத் தூங்கு. வந்ததும் உன்னை எழுப்புறேன்.' நாளைக்கே வந்துவிடுவேன் என்று சத்தியம் செய்ய வேண்டாம், அது அவர் கையில் இல்லை. அழுதால் அழட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். எழுப்புவதாகச் சொன்னால் விடிகாலை நாலு மணியானாலும் அவர் எழுப்ப வேண்டும். தூக்கக் கலக்கத்தில் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு அவள் மறுபடி திரும்பிப் படுத்துக்கொண்டாலும் பரவாயில்லை.